அடிக்காத அண்ணன்

இடுப்பு ஒடிந்து விழுந்துவிடும் போல வலித்தது. காலையிலிருந்து நாற்பது செடி மரவள்ளி, எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு, பிடுங்கியிருப்பேன், அவ்வளவுதான். நாலு வருடத்துக்கு முன்னால் இருநூறு செடி பிடுங்கி, மூட்டை கட்டி, ரோடு வரைக்கும் சுமந்த அதே இடுப்புதான் இது. இப்போது குனிந்தால் நிமிர முடியவில்லை. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் உடைந்து, அதில் மண் ஏறி எரிந்தது.

"ஏன்டா யுவராஜு, அந்த ஊருல கையில வேலையே இல்லியா? புதுப் பொண்ணு கையாட்டம் வெச்சிருக்கிறே?" என்றார் அண்ணன் மாதன். பக்கத்து வரிசையில் ஒவ்வொரு செடியாகத் தண்டைப் பிடித்து ஒரே ஆட்டில் வேரோடு மேலே கொண்டுவந்துகொண்டிருந்தார். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர்.

"அங்க வாயிலதானுங்கண்ணா வேலை."

"வாயில வேலைன்னா வாயில்ல வலிக்கோணும்? இடுப்பு ஏன் வலிக்குது?"

கிழங்கைத் தண்டிலிருந்து வெட்டிக்கொண்டிருந்த அண்ணி இருசாயி அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உடுங்க, அது பாட்டுக்குப் புடுங்கட்டும். நாளைக்கி ஏரோப்ளேன்ல ஏறிப் போற புள்ளை."

"ஏறுதோ இல்லியோ. இன்னிக்கி அந்தம்மா வந்து சொன்னாத்தான் தெரியும்" என்றார் அண்ணன்.

வாயில்தான் வேலை என்று நான் சொன்னது வாய்க்கு வந்ததைச் சொன்னது. ஜார்ஜியா நாட்டில் குத்தாயிசி என்ற ஊரில் நான் மிஷனரி. பல்கலைக்கழக மாணவர்கள் நடுவில் வேலை. கையில் பைபிளோடு கூட்டத்தில் முழங்கும் ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் வேலையில் பாதி படிக்கட்டு ஏறுவது. அறை மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் முப்பது பேருக்குச் சமைப்பேன். அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு, தண்ணீர் கேன் எல்லாம் என் தோளில்தான் மேலே ஏறும். மீதிப் பாதி வரிசையில் நிற்பது. தங்கும் அனுமதிச் சீட்டு வாங்க ஒருவனோடு, பல் வலி வந்தவளோடு ஆஸ்பத்திரியில், அறையைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரிடம் கெஞ்ச இன்னொருவனோடு. பரீட்சையில் போய்விட்டது என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பவனின் அறை வாசலில் ரசத்தோடு உட்கார்ந்திருப்பது தனி வேலை.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிடுவார்கள். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். பைபிளில் ஒரு அதிகாரம் வாசிப்போம். கேள்வி கேட்பார்கள். தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டால் தெரியாது என்பேன். நாலு வருடத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் மூன்று பேர். பணம் அனுப்பி என்னைத் தாங்கும் சபைகளுக்கு மாதாமாதம் ஜெபக் கடிதம் எழுதும்போது அந்த மூன்றை எழுதக் கூச்சமாக இருக்கும். ஆனால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அந்த ஏழெட்டுப் பேரும் படியிறங்கிப் போகும் சத்தத்தைக் கேட்கும்போது, இந்த மலையில் மூட்டை சுமந்தவனுக்கு இப்படியும் ஒரு இடம் கொடுத்தாரே என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமையும் நான் படுத்ததில்லை.

அந்த இடம்தான் இப்போது கையை விட்டுப் போகிற மாதிரி இருந்தது.

விசா புதுப்பிக்க ஊருக்கு வந்திருந்தேன். வெள்ளிக்கிழமை டில்லியில் காகிதம் கொடுக்க வேண்டும். அதில் என் மிஷன் கமிட்டியின் கடிதம் இருக்க வேண்டும், 'இவர் எங்கள் ஊழியர்' என்று இரண்டு வரி. கமிட்டி தூத்துக்குடியில். அவர்கள் கடிதத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். காரணம் ஒரு வீடியோ.

லேவான் என்று ஒரு ஜார்ஜியப் பையன், இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஜனவரியில் எங்கள் கட்டடப் படியில் பனி உறைந்திருந்தது தெரியாமல் கால் வைத்து, முழங்கால் திரும்பி விழுந்துவிட்டான். ஆம்புலன்ஸ்காரர்கள் வரும்வரை அவன் கத்துவதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. கிழங்கு மூட்டையைத் தூக்குவது போல முதுகில் ஏற்றி இறக்கினேன். அவன் கத்தக் கத்த, "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல சாமி" என்றுதான் என் வாயில் வந்தது. அந்த நேரத்தில் ஜார்ஜிய மொழியா வரும்? எங்கள் பக்கம் குழந்தையும் சாமிதான், விருந்தாளியும் சாமிதான். அன்பாகக் கூப்பிட வேறு சொல் எங்களுக்குத் தெரியாது.

லேவான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். கட்டுப் போட்ட காலோடு வந்து எல்லோரையும் சாமி என்றான். ஒரு மாதத்தில் முப்பது பேரும் ஒருவரை ஒருவர் சாமி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். உப்பை எடு சாமி. நோட்டைக் கொடு சாமி.

பிப்ரவரியில் என் பிறந்த நாள். புத்தாண்டு மரத்தில் மிச்சமிருந்த ஜிகினாச் சரத்தை என் கழுத்தில் போட்டார்கள். கேக்கில் மெழுகுவத்தி கொளுத்தி முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்கள். லேவானால் கால் மடக்க முடியாது, அதனால் என் காலடியில் தரையில் நீட்டி உட்கார்ந்திருந்தான். எல்லோரும் கைதட்டி "சாமி! சாமி!" என்று கத்தினார்கள். ஒரு பெண் அதை எடுத்து இணையத்தில் போட்டுவிட்டாள். தூத்துக்குடியில் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது என்ன? கழுத்தில் மாலை, முன்னால் தீபம், காலில் விழுந்த பக்தன், சாமி என்று கோஷம். அனுப்பின மிஷனரி அங்கே போய் மடம் வைத்துவிட்டான் என்று கமிட்டியில் இரண்டு மணி நேரம் பேசினார்களாம். நான் இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். நம்பவில்லை. 'நேரில் கண்டு விசாரிக்க' ஒருவரை அனுப்புவதாகப் பதில் வந்தது.

"அந்தம்மா கடுதாசி குடுக்கலைன்னா?" அண்ணன் கேட்டார்.

"போக முடியாதுங்கண்ணா."

"அந்தப் பசங்க?"

"வேற ஆளு இல்லீங்க."

அண்ணன் ஒரு செடியை ஆட்டி எடுத்தார். கிழங்கில் ஒட்டிய மண்ணைக் காலில் தட்டினார். "நீ இங்கயே இருந்தீன்னா எனக்கும் தண்டந்தான். நாள் பூரா நாப்பது செடி புடுங்கற ஆளை வெச்சிட்டு நான் என்ன பண்றது? போயிரு சாமி."

பதினொரு மணிக்கு, விசாரிக்க வரும் அருள்மொழி டீச்சர் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து போன் செய்தார். தூத்துக்குடிப் பக்கம், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கமிட்டியில் எல்லோரும் அவருக்குப் பயப்படுவார்கள். "எப்பா, பஸ் ஏறிட்டேன். எழுபது வளைவாம்லா? கண்டக்டர் இப்பவே கையில ஒரு கவரக் குடுத்துட்டான்" என்றார்.

மலைமேல் எங்கள் ஊர்த்தொகுதியான எடப்புளி நாட்டுக்குத் திரும்பும் இடத்தில் நானும் அண்ணியும் நின்றோம். பஸ் நின்றதும் டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வெள்ளைப் புடவை, கறுப்புக் கைப்பை, முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. ரோட்டோரம் குத்துக்காலிட்டு வாந்தி எடுத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அண்ணிதான் ஓடினார். ஒரு கையால் நெற்றியைத் தாங்கி, மறு கையால் முதுகைத் தடவினார்.

"ஒண்ணுமில்ல சாமி. எல்லாம் வந்திரட்டும். ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல."

டீச்சர் முடித்து, வாய் கொப்பளித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். "என்னையா சாமின்னீங்க?"

"ஆமாங்க. ஏனுங்க?" அண்ணிக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று பயம்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். நான் வானத்தைப் பார்த்தேன்.

நடந்து வரும் வழியில் ஒரு வெள்ளாடு பாதையை அடைத்துக்கொண்டு மிளகுக் கொடியை எட்டிக் கடித்தது. "தள்ளு சாமி, அந்தப்பக்கம் போ" என்று அண்ணி அதன் விலாவில் ஒன்று வைத்தார்.

டீச்சர் நின்றுவிட்டார். "ஆட்டுக்குமா?"

"அதுவும் ஒரு உசுருதானுங்களே."

டீச்சர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. "கமிட்டில ரெண்டு மணி நேரம் பேசுனோம்பா. பிரசிடெண்ட் மேசையத் தட்டிப் பேசுனாரு. இத வந்து பாத்திருந்தா ரெண்டு நிமிஷம்" என்றார். கைப்பையைத் தட்டிக் காட்டினார். "கடுதாசி உள்ளதாம் இருக்கு, கையெழுத்துப் போட்டு. தரலாம்னு தோணுனா குடுங்கன்னு சொல்லி விட்டாங்க. சாப்புட்டு வச்சுத் தாரேன்."

தலையிலிருந்த பாரம் இறங்கியது. அடுத்த வாக்கியத்தில் மறுபடி ஏறிக்கொண்டது.

"உங்க அண்ணனப் பாக்கணும்னுதாம் எனக்கு ஆச. எங்க சபையில நீ சாட்சி சொன்னப்போ நான் அழுதுட்டேம்லா. அடிச்சு வெரட்டுன அண்ணன். இப்பம் அவரு வீட்டுலயே வந்து தங்கியிருக்க. ஆண்டவரு செய்யறது!"

நான் பாதையைக் காட்டி முன்னால் போனேன்.

நடந்தது இதுதான். நாமக்கல்லில் காலேஜ் மூன்றாம் வருடம் நான் ஞானஸ்நானம் எடுத்தேன். வீட்டில் வந்து சொன்னேன். அண்ணன் பத்து நாள் என்னோடு பேசவில்லை. அவருடைய கோபம் அவ்வளவுதான், மாட்டைக்கூட அவர் அடித்துப் பார்த்ததில்லை. நானே ரோஷப்பட்டுக்கொண்டு விடிகாலை பஸ்ஸில் கிளம்பினேன். பதினோராம் நாள் என் கடைசித் தவணை ஃபீஸுக்காக அண்ணன் மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு விற்கச் சேந்தமங்கலம் இறங்கினார்.

பிற்பாடு ஒரு சபையில் சாட்சி, அதாவது நான் விசுவாசத்துக்கு வந்த கதையை, சொல்லச் சொன்னார்கள். "அண்ணன் பேசவில்லை, வீட்டை விட்டு வந்தேன்" என்றேன். நான் முடித்ததும் அந்தப் போதகர் மைக்கை வாங்கி, "வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட நம் தம்பி" என்றார். முன்வரிசையில் பெண்கள் அழுதார்கள். நான் திருத்தவில்லை. அடுத்த சபையில் துரத்தினார்கள் என்று நானே சொன்னேன். அதற்கடுத்ததில் அடித்து என்று சேர்த்தேன். சோறு போடவில்லை என்பதும் எப்போதோ சேர்ந்துகொண்டது. பதினொரு சபைகள். அந்தப் பதினொன்றும்தான் என்னை அனுப்பின.

அண்ணன் வயலிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டுப் புதுத் துண்டைத் தோளில் போட்டிருந்தார். சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, ரசம். டீச்சர் காலி வயிற்றில் நன்றாகச் சாப்பிட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்கக் கூடாது" என்று டீச்சர் அண்ணனிடம் ஆரம்பித்தார். "தம்பிய அடிச்சு வெரட்டுன கை, இன்னைக்கு எங்களுக்குக் கோழிக் கொழம்பு வச்சுப் போடுது. மனசு மாறுறது பெரிய காரியம்லா."

அண்ணன் கை சோற்றில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். அண்ணி குழம்புக் கரண்டியோடு, "அடிச்சா? யாரு..." என்று ஆரம்பித்தார்.

"ரசம் ஊத்து" என்றார் அண்ணன்.

"இல்லீங்க, அவரு எப்பங்க..."

"ரசம் ஊத்து இருசாயி."

பிறகு டீச்சரிடம் திரும்பினார். லாரிக்காரனிடம் கிழங்கு எடையில் ஒரு கிலோ கூட்டிச் சொல்லத் தெரியாத மனிதர். "ஆமாங்க" என்றார். "அப்ப கொஞ்சம் கோவங்க. அடிச்சேனுங்க. புத்தியில்லாத வயசு."

அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது.

ஒரு வார்த்தை, "இல்லை" என்று நான் சொல்லியிருக்கலாம். கடிதம் அந்தக் கறுப்புக் கைப்பையில் இருந்தது. லேவானும் வெள்ளிக்கிழமையும் மூன்றாம் மாடியும் அந்தப் பைக்குள் இருந்தன. நான் ரசம் குடித்தேன்.

நாலு மணி பஸ்ஸுக்கு டீச்சரைக் கூட்டிப் போனேன். அண்ணி கொடுத்த எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே நடந்தார். பஸ் சத்தம் தூரத்தில் கேட்டதும் பையைத் திறந்து கடிதத்தைக் கொடுத்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானும் போட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"டீச்சர், எங்க அண்ணன் என்னை அடிக்கலைங்க. வெரட்டலைங்க. நான் சொன்ன சாட்சி பொய்யிங்க."

"தெரியும்" என்றார் டீச்சர்.

"எப்படிங்க?"

"முப்பத்திரண்டு வருஷம் புள்ளைங்க மொகத்தப் பாத்துக் கணக்குத் திருத்துனவ நானு. பொய் சொன்னது உங்க அண்ணன். முழிச்சது நீ."

"அப்புறம் ஏனுங்க கடுதாசி குடுத்தீங்க?"

"நான் வந்தது சாமி விஷயமா விசாரிக்க. அது முடிஞ்சுது. இது என் பேப்பர்ல இல்லாத கேள்வி." பஸ் வளைவில் தெரிந்தது. கையைக் காட்டி நிறுத்தினார். "ரிப்போர்ட்ல நான் இத எழுத மாட்டேன். எழுதுனா ஒன்ன நிறுத்திருவாங்க, அங்க பிள்ளைங்க பட்டினி கெடக்கும். ஆனா எங்கெங்க மைக்கப் புடிச்சு சொன்னியோ, அங்கங்க போயி நீயே மாத்திச் சொல்லணும். அது உம்பாடு." படியில் ஏறி நின்று திரும்பினார். "எப்பா, எறங்கும்போதும் அதே எழுபதா?"

"ஆமாங்க."

"வாறேன் சாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வயலில் அண்ணனும் அண்ணியும் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கோணி ஊசியை நிறுத்தவில்லை.

"பதினோரு ஊர்லயா?"

"ஆமாங்கண்ணா."

"மைக்குலயா?"

"ஆமாங்க."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அப்பிடின்னா குனி. இப்ப ஒண்ணு போடறேன். நெசமாயிரும். நீ எங்கயும் போயி ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நீங்க ஏனுங்கண்ணா ஆமான்னீங்க?"

"பின்ன? உன்னைய அங்க எதிர்பாத்துட்டு முப்பது பசங்க. இங்க நான் ஒருத்தன் கெட்ட பேரு எடுத்தா என்ன கொறைஞ்சு போச்சு? அந்தம்மாளை இன்னொருக்கா பாக்கவா போறேன்?" மூட்டையை உருட்டித் தள்ளினார். "கை குடு. தூக்கோணும்."

தூக்கிவிட்டேன். இடுப்பு அலறியது. அண்ணன் மூட்டையோடு ரோட்டுக்கு நடந்தார்.

அண்ணி சிரிக்கவில்லை. கிழங்கை எடுத்து எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "நானு சோறு போடலைன்னுமா சொன்னே?"

பொய் சொல்ல இனி எனக்கு இடமில்லை. "ஆமாங்கண்ணி. பட்டினியா பஸ் ஏறுனேன்னு சொன்னேன்."

"அன்னிக்கி மூணு மணிக்கி எந்திரிச்சுப் புளிச்சோறு கட்டிக் குடுத்தனே சாமி."

கொடுத்தார். வாழை இலையில் கட்டி, மேலே பழைய துணி சுற்றி. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றேன். அதைத்தான் பட்டினி என்று மைக்கில் சொல்லியிருக்கிறேன். அண்ணி சாக்கின் வாயை விரித்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

டில்லியில் விசா கிடைத்தது. புறப்படும் முன் கையில் ஒரே ஒரு ஞாயிறு இருந்தது. சேலம் பக்கத்தில் ஒரு சபையில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிச் சொன்னேன். யாரும் அழவில்லை. முன்வரிசையில் ஒருவர் வாட்சைப் பார்த்தார். ஆராதனை முடிந்து ஒரு பாட்டி மட்டும் வந்து, "உங்க அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லு" என்றார். சொன்னேன். "யாரு அது?" என்று அண்ணன் போனில் கேட்டார்.

குத்தாயிசியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது லேவான் கொஞ்சம் காலைத் தாங்கியபடி நின்றிருந்தான். என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "வா சாமி" என்றான். அந்த வெள்ளிக்கிழமை முப்பத்தி நாலு பேர் வந்தார்கள். புளிச்சோறு செய்தேன். இது யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்கள். என் அண்ணி என்றேன். அவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். முப்பத்தி நாலு பேரும் இருசாயி, இருசாயி என்று நாக்கைச் சுழற்றிப் பழகினார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இவர்களிடம் என்னைத் திருப்பி அனுப்ப ஒருவர் செய்யாத தப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார் என்பது எனக்கு மறக்கவில்லை. சட்டியைச் சுரண்டித் தேய்த்துக் கவிழ்க்கும் வரை ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஆனால் மீதிப் பத்துச் சபைகளில் என் அண்ணன் மாதன் இன்னும் தம்பியை அடித்தவர்தான், என் அண்ணி இருசாயி சோறு போடாதவர்தான். அது பொய் என்று அந்தப் பத்து இடத்திலும் நின்று நான் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. அந்தக் கடன் அப்படியே இருக்கிறது.